மாவு திடமா, மரத்துப் பால் திரவமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களுடையவை. ரப்பர் பால் ஸ்டோர், சமையலறை, பள்ளி ஆய்வுக்கூடம், கிணற்றடி என்று கேள்விகள் பல திசையிலிருந்து வந்தாலும், அடியில் இருப்பவை இரண்டுதாம். கையில் இருப்பது ஒரே பொருளா, பல பொருள்களின் கலவையா? அதன் துகள்கள் இப்போது எப்படி இருக்கின்றன? இவற்றுக்குக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால் முடிந்த இடத்திலெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனையையும் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகன் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். ‘திரவம் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்’ என்று பாடத்தில் வருகிறது. கோதுமை மாவும் சீனியும்கூடப் போத்தலில் கொட்டினால் போத்தலின் வடிவத்துக்கு வந்துவிடுகின்றனவே, அவையும் திரவமா என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– தாய் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: நல்ல கேள்வி. அவனைக் கேட்கவிடுங்கள். பாத்திரத்தின் வடிவத்துக்கு வருவது சீனிக் குவியல்தான், சீனி அல்ல. ஒரே ஒரு சீனிப் பரலை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுங்கள். அதன் விளிம்புகள் போத்தலில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் மாறுவதில்லை. மாவும் அப்படியே, பரல் சிறியது என்பதால் நம் கண் ஏமாறுகிறது.

தட்டில் கொட்டிப் பார்த்தால் சீனி மேடாக நிற்கும், நீர் பரவிச் சமமாகிவிடும். இன்னொன்றையும் செய்யச் சொல்லுங்கள். 100 மில்லி லிட்டர் உலர்ந்த மணலின் மீது மெதுவாக நீர் ஊற்றினால், மணலின் மட்டம் ஏறாமலே முப்பது மில்லி லிட்டருக்கு மேல் உள்ளே போகும். பரல்களுக்கு நடுவே அவ்வளவு காற்று இருந்தது என்று அர்த்தம்.

வாயுவைப் பிரித்துக் காட்ட, ஊசி இல்லாத 10 மில்லி லிட்டர் சிரிஞ்சு போதும். காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து அழுத்தினால் பாதி வரை இறங்கும். விட்டால் திரும்பி வரும். நீரை இழுத்து அதேபோல அழுத்தினால் அசையாது. நீரில் துகள்கள் ஏற்கெனவே நெருங்கியிருப்பதால் அழுத்த இடம் இல்லை. நீருக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் சோதனை கெட்டுவிடும். சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டி, குமிழியை வெளியேற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ரப்பர் சிறுதோட்டம் வைத்திருக்கிறோம். சில நாள் பால், மரத்திலிருந்து வடிவதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கிலேயே கட்டிவிடுகிறது. ஸ்டோருக்குக் கொண்டுபோவதற்குள் பாதி கட்டிப்பால். மரத்துப் பால் தனிமமா, சேர்மமா, கலவையா என்று பள்ளியில் படிக்கும் மகளும் கேட்கிறாள். இரண்டுக்கும் சேர்த்துச் சொல்ல முடியுமா?
– பால் சீவும் வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மகளின் கேள்விக்கு விடை தெரிந்தால், உங்கள் பால் ஏன் கட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மரத்துப் பால் கலவை. மரத்திலிருந்து வந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். கொஞ்சம் புரதம், சர்க்கரை, பிசின், தாதுக்கள். நீர் ஒரு சேர்மம். ரப்பரும் கார்பனும் ஹைட்ரஜனும் 5-க்கு 8 என்ற அணு விகிதத்தில் நீண்ட சங்கிலியாகப் பிணைந்த சேர்மம். தனித்து நிற்கும் தனிமம் எதுவும் இதில் சொல்லும்படியாக இல்லை.

இது உப்புநீர் போன்ற கரைசல் அல்ல. ரப்பர் நீரில் கரையவில்லை. பெரும்பாலும் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. இப்படிப்பட்ட கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். இருட்டறையில் ஒரு குவளை நீரில் ஒரே ஒரு சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, பக்கவாட்டில் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். ஒளி போகும் பாதை வெள்ளைக் கோடாகத் தெரியும். சீனி கரைத்த நீரில் அந்தக் கோடு தெரியாது. சீனியின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவு சிறியவை.

அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றைச் சுற்றியுள்ள புரதப் போர்வையின் எதிர்ம (நெகட்டிவ்) மின்னூட்டம். எல்லா உருண்டைக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பாலில் உள்ள சர்க்கரையைப் பாக்டீரியா தின்று அமிலம் உண்டாக்கும்போது அந்த மின்னூட்டம் அழிகிறது; தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் கட்டிப்பால். இது நீர் ஐஸ் ஆவது போன்ற நிலை மாற்றம் அல்ல. ஐஸைச் சூடாக்கினால் நீர் கிடைக்கும். கட்டிப்பாலை எவ்வளவு சூடாக்கினாலும் பால் திரும்பி வராது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய இடம் மங்குதான். நேற்றைய கட்டிப்பால் துணுக்கும் ஒட்டுப்பாலும் ஒட்டியிருக்கும் மங்கில் இன்றைய பால் விழுந்தால், பாக்டீரியாவைக் கையால் அள்ளிப் போட்டதற்குச் சமம். மங்கையும் வாளியையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். வெயில் ஏறிய பிறகு பால் எடுத்தால் வேலை இன்னும் வேகமாகக் கெடும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் அம்மோனியா சேர்க்கலாம்: 10 லிட்டர் பாலுக்கு 10 விழுக்காட்டு அம்மோனியாக் கரைசல் 50 மில்லி லிட்டர் என்பது மேல் எல்லை. அது பாக்டீரியாவை அடக்கும், அமிலத்தையும் முறிக்கும். ஷீட் போடுவதாக இருந்தால் இதில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடுதலாகப் போட்டால், பிறகு பாலைக் கட்டவைக்க அமிலமும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

கட்டவைக்கும்போது அளவு முக்கியம். பாலில் 30 விழுக்காடு ரப்பர் இருந்தால் ஒரு லிட்டருக்கு 1.4 லிட்டர் நீர் சேர்த்து 12.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்படி நீர்த்த பால் 4 லிட்டருக்குச் செறிந்த ஃபார்மிக் அமிலம் 2 மில்லி லிட்டரை 400 மில்லி லிட்டர் நீரில் கலந்து ஊற்றினால், மறுநாள் காலையில் ஏறக்குறைய அரை கிலோ ஷீட்டுக்கான கட்டி தயாராக இருக்கும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள். கையுறை இல்லாமல் தொடவும் கூடாது, தோலைப் பொசுக்கிவிடும். கலக்கியதும் மேலே வரும் நுரையை வழித்தெடுங்கள். விட்டுவிட்டால் ஷீட்டில் குமிழிகளாக நிற்கும். விலை மலிவு என்று பேட்டரி ஆசிட்டைப் பயன்படுத்துவதை நாங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டோம். கந்தக அமிலம் ரப்பருக்குள் தங்கி, அதைப் பின்னாளில் பிசுபிசுக்க வைத்துத் தரத்தைக் கெடுக்கும், கையாள்பவருக்கும் ஆபத்து.

கேள்வி: கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் பெரிய அடுப்பில் சமைத்தோம். ஒரு மணி நேரத்தில் கேஸ் தோம்பின் வெளிப்புறம் வியர்த்து, கீழ்ப்பகுதியில் வெண்பனி படர்ந்தது. தீயும் சிறுத்துவிட்டது. ஆனால் தோம்பைத் தூக்கினால் கனமாகத்தான் இருந்தது. கேஸ் உறைந்துவிட்டதா?
– அன்னதானக் குழுவினர்

பதில்: கேஸ் உறையவில்லை. குளிர்ந்துவிட்டது.

தோம்புக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவையை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 டிகிரியிலும், பியூட்டேன் சுழியத்துக்குக் கீழே அரை டிகிரியிலும் கொதித்துவிடும். அடுப்புக்கு வருவது திரவத்தின் மேலே நிற்கும் வாயு. அதை எடுக்க எடுக்கக் கீழே உள்ள திரவம் கொதித்து ஈடுகட்டுகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். அடியில் அடுப்பு இல்லாததால் தன்னிடமிருந்தும் இரும்புச் சுவரிலிருந்தும் அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வீட்டு அடுப்பு எடுக்கும் அளவுக்குச் சுற்றியுள்ள காற்றே வெப்பம் கொடுத்துவிடும். அன்னதானத்து அடுப்பு எடுக்கும் வேகத்துக்கு அது போதாது. திரவம் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் தீ சிறுக்கும். வெளியே நீங்கள் பார்த்த வியர்வையும் வெண்பனியும் கேஸ் அல்ல. நம் ஊர்க் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகி, பிறகு பனியானது.

அடுத்த திருவிழாவுக்கு ஒரே தோம்பை நம்பாமல், விற்பனையாளரைக் கொண்டு இரண்டு தோம்புகளை இணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் கொடுத்தால் போதும் என்பதால் அவ்வளவு குளிராது. குளிர்ந்துவிட்டால் அடுப்பை அணைத்துத் தோம்பை ஓய்வில் விடுங்கள். வெந்நீர்த் தொட்டியில் இறக்குவது, பக்கத்தில் தீ மூட்டுவது, இவற்றையெல்லாம் நினைக்கவே வேண்டாம். தீ சிறுத்ததும் சிலர் தோம்பைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். அது மிக ஆபத்து. வாயு வர வேண்டிய குழாயில் திரவம் வரும். அந்தத் திரவம் வாயுவாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரியும். தீ அடுப்பைத் தாண்டிப் பாயும்.

எவ்வளவு கேஸ் மீதி என்று அறிய, தோம்பின் கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும் வெற்று எடையைப் பாருங்கள். தோம்பைத் தராசில் நிறுத்தி அந்த எடையைக் கழித்தால் மீதி கேஸின் எடை. 14 கிலோ தோம்பு என்பது உள்ளே இருக்கும் கேஸின் எடைதான், இரும்பைச் சேர்த்தல்ல. தராசு இல்லையென்றால் ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரைத் தோம்பின் பக்கவாட்டில் ஊற்றி, மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பாருங்கள். சட்டென்று குளிர்ச்சி தொடங்கும் இடம் திரவத்தின் மட்டம்.

கசிவைச் சவர்க்கார நுரை தடவிக் கண்டுபிடியுங்கள். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; தரையிலும் சாக்கடையிலும் போய்த் தங்கும். வாடை அடித்தால் விளக்கு, மின்விசிறி எதன் சுவிட்சையும் தொடாமல், தோம்பை மூடிவிட்டு, கதவைத் திறந்து தரைமட்டத்துக் காற்று வெளியே போக வழிசெய்யுங்கள். மேலே உள்ள ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது.

கேள்வி: கேமரன் மலையில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டுக்குப் பாக்கெட் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் எண்ணெய் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. கலப்பட எண்ணெயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, தாராளமாகச் சமைக்கலாம். நம் சமையல் எண்ணெய் செம்பனை எண்ணெயின் ஒரு பகுதி. செம்பனை எண்ணெயைக் குளிரவைத்து, கட்டியாகும் பகுதியை வடிகட்டிப் பிரித்துவிட்டு, திரவமாக நிற்கும் பகுதியைத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். அந்தத் திரவப் பகுதியும் ஒரே பொருள் அல்ல. பலவகைக் கொழுப்புகள் அதில் கலந்திருக்கின்றன. பால்மிட்டிக் அமிலம் மட்டும் கொண்ட கொழுப்பு 65 டிகிரி அளவில் உருகும். ஒலியிக் அமிலம் மட்டும் கொண்டது 5 டிகிரி அளவில் உருகும். இவையும் இடைப்பட்டவையும் கலந்திருப்பதால் எண்ணெய்க்கு ‘இதுதான் உறைநிலை’ என்று ஒரே எண் கிடையாது. குளிரக் குளிர, சீக்கிரம் கட்டியாகும் கொழுப்பு முதலில் பிரிந்து கலங்கலாகத் தெரியும், மீதி திரவமாகவே இருக்கும். சுங்கை சிப்புட்டின் சூட்டில் தெரியாதது, 15 டிகிரிக்கு இறங்கும் மலை இரவில் தெரிந்துவிட்டது. தூய பொருளாக இருந்திருந்தால் ஒரே வெப்பநிலையில் முழுவதும் உறைந்திருக்கும்.

பாக்கெட்டைத் திறக்காமல் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்தால் தெளிந்துவிடும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி ஊற்றிப் பயன்படுத்தாதீர்கள். அடியில் தங்குவதில் கட்டியாகும் கொழுப்பு கூடிக்கொண்டே போகும். எண்ணெய் கெட்டதை மணத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக நிற்கும்; சூடான சட்டியில் படபடவென்று வெடிக்கும்.

கேள்வி: அதே மலையில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. உப்புப் போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்கிறார்களே?

பதில்: கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். நெருப்பைக் கூட்டினாலும் நீர் அதற்கு மேல் சூடாகாது. வேகமாக ஆவியாகும், கேஸ்தான் வீண். உப்பு உதவாது. ஒரு லிட்டர் நீரில் 58 கிராம் உப்புக் கொட்டினால்தான் கொதிநிலை ஒரு டிகிரி ஏறும். அந்தப் பருப்பை யாரும் வாயில் வைக்க முடியாது. பிரஷர் குக்கர்தான் வழி. அழுத்தத்தை உயர்த்தி நீரை 120 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும்.

கேள்வி: நான்காம் படிவ மாணவி. நாஃப்தலீன் சூடாக்கும் பரிசோதனையில், வெப்பநிலை வரைபடத்தில் 80 டிகிரியில் கிடைக்கோடு வர வேண்டும். எங்கள் குழுவுக்கு 76-லிருந்து 82 வரை சாய்வாகப் போகிறது. குளிர்விக்கும்போது 78-க்கு இறங்கி மறுபடி 80-க்கு ஏறுகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்கள்.

முதலில் அந்தக் கிடைக்கோடு ஏன் வருகிறது என்பது தெளிவாக இருக்கட்டும். 80 டிகிரியை எட்டியதும், கொடுக்கும் வெப்பம் துகள்களின் வேகத்தைக் கூட்டுவதில்லை. துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசையை மீறுவதற்குச் செலவாகிறது. சராசரி இயக்க ஆற்றல் மாறாததால் வெப்பநிலையும் மாறாது. இந்தச் செலவு சிறியதல்ல. ஐஸை எடுத்துக்கொண்டால், 1 கிராம் ஐஸை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே வெப்பம் 1 கிராம் நீரை 80 டிகிரி உயர்த்திவிடும்.

சாய்வாகப் போவதற்கு முதல் சந்தேகம் பொருளின் தூய்மை. கடையில் வாங்கிய பாச்சை உருண்டையையோ, பல ஆண்டுகளாக எல்லா வகுப்பும் பயன்படுத்திய நாஃப்தலீனையோ எடுத்திருந்தால் அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். கலவை தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கி, ஒரு வீச்சில் நீண்டு உருகும். உங்கள் கோடு 76-லேயே சாயத் தொடங்குவது அதற்குப் பொருந்துகிறது. அடுத்தது வெப்பமானி. குமிழ் சோதனைக் குழாயின் சுவரையோ அடியையோ தொட்டால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை. மூன்றாவது, தீயின் வேகம். தீ பலமாக இருந்தால் ஓரத்தில் உருகியது 80-ஐத் தாண்டிவிடும், நடுவில் இன்னும் கட்டியாகவே நிற்கும். கோடு சாயாமல் என்ன செய்யும்?

குழாயில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நாஃப்தலீன் போட்டு, நீர்த்தொட்டியின் நீர்மட்டம் அதைவிட மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தீயில், இடைவிடாமல் கலக்கியபடி, 60 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். நேரடித் தீயில் காட்டாமல் நீர்த்தொட்டி வைப்பது வெப்பம் சமமாகப் பரவுவதற்காக. நாஃப்தலீன் ஆவி தீப்பற்றும் என்பதற்காகவும்தான்.

குளிர்விக்கும்போது வந்த பள்ளம், கலக்காததால் வந்தது. உறைவதற்குத் துகள்கள் முதலில் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும். அசைவில்லாமல் குளிர்ந்தால் அந்த அடுக்கு தொடங்குவதற்குள் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு சட்டென்று படிகம் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் அதை மறுபடி 80-க்கு ஏற்றுகிறது. குழாயைக் கூம்புக் குடுவைக்குள் நிறுத்தி, கட்டியாகும் வரை கலக்கிக்கொண்டே இருங்கள். குடுவைக்குள் உள்ள காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் குளிர்ச்சி சீராக நடக்கும்.

விடைத்தாளில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம்: கிடைக்கோட்டுப் பகுதியில் இருப்பது திடமும் திரவமும் சேர்ந்து, ‘திரவம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். குளிர்விக்கும் வரைபடத்தில், வெளியே இழக்கும் வெப்பத்தைத் துகள்கள் பிணையும்போது வெளிப்படும் வெப்பம் ஈடுகட்டுகிறது என்று எழுத வேண்டும். வேலை முடிந்ததும் உருகிய நாஃப்தலீனைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துவிடும்.

கேள்வி: அலமாரியில் பாச்சை உருண்டை கரைந்து காணாமல் போகிறது. கற்பூரமும் டப்பாவில் சிறுத்துவிடுகிறது. இரண்டும் ஒன்றா? கைக்குழந்தை துணிக்கு எதைப் போடலாம்?

பதில்: அவை கரைவதில்லை. திடத்திலிருந்து திரவமாகாமல் நேராக வாயுவாகின்றன, இது பதங்கமாதல். டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தால் கற்பூரம் இவ்வளவு சிறுக்காது, மூடியின் உட்புறத்திலேயே பொடிப் படிகமாகத் திரும்பிப் படியும். தட்டில் ஏற்றிய கற்பூரம் எரிவது வேறு கணக்கு. அங்கே கற்பூரம் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருள்களாகிவிடுகிறது, திரும்பக் கிடைக்காது.

கற்பூரமும் பாச்சை உருண்டையும் வேறுவேறு பொருள்கள். பாச்சை உருண்டையிலும் இரண்டு வகை உண்டு: நாஃப்தலீன், பாராடைகுளோரோபென்சீன். எது என்று தெரியாவிட்டால் குழாய் நீரில் போடுங்கள். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், 100 மில்லி லிட்டர் நீரில் 36 கிராம் உப்புக் கரைத்து அதில் போடுங்கள். அதில் மிதந்தால் நாஃப்தலீன். அதிலும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். சோதனை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கைக்குழந்தையின் துணிக்கு இவற்றில் எதையும் போட வேண்டாம். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற, இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதியின் குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாஃப்தலீன் ஆவி பட்டாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையக்கூடும். வாயு என்பதால் துணியின் இழைக்குள்ளும் போய்த் தங்கும். ஏற்கெனவே அப்படி வைத்திருந்த துணியைத் துவைத்து, வாடை அறவே போகும் வரை பல நாள் காற்றில் உலர்த்தாமல் குழந்தைக்குப் போடாதீர்கள். குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தீ எந்த நிலை? திடமா, திரவமா, வாயுவா?

பதில்: தீ ஒரு பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் வினை. அதில் இருப்பவை சூடான வாயுக்களும், ஒளிரும் நுண்கரித் துகள்களும். மெழுகுவத்தியின் மஞ்சள் நிறம் அந்தக் கரித் துகள்களால் வருவது. மின்னல் பாயும் வழியில்தான் காற்று பிளாஸ்மா என்ற நான்காம் நிலைக்குப் போகிறது.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீர் எடுக்கும்போது பளிங்குபோல் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகி, மாலைக்குள் அடியில் செம்பழுப்பாகப் படிகிறது. தேநீர் போட்டால் கறுக்கிறது. வடிகட்டி வாங்கி மாட்டினோம். வடிகட்டிய நீரும் பிறகு மஞ்சளாகிறது. வடிகட்டி பழுதா?

பதில்: வடிகட்டியைக் குறை சொல்ல முடியாது. வரிசைதான் மாறியிருக்கிறது.

நிலத்தடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. கரைந்த பொருள் எந்த மணலையும் துணியையும் நீரோடு சேர்ந்தே தாண்டிப் போய்விடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் அந்த இரும்பு கரையாத வேறு சேர்மமாக மாறி, நுண்ணிய செம்பழுப்புத் துகள்களாகிறது. உங்கள் வடிகட்டி நீரைச் சந்திக்கும்போது பிடிப்பதற்கு அங்கே துகளே இல்லை. தேநீர் கறுப்பது, தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால்.

ஆகவே முதலில் காற்று, அடுத்து ஓய்வு, கடைசியில் வடிகட்டல். நீரைத் தலைக்கு மேல் உயரத்திலிருந்து, நிறைய துளையிட்ட குழாய் வழியாக, மெல்லிய தாரைகளாகத் தோம்பில் விழச் செய்யுங்கள். தாரை மெலிதாக இருந்தால்தான் காற்று நன்றாகக் கலக்கும். மூடி போட்டு ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் பொருத்திய குழாயில் தெளிந்த நீரை மட்டும் இறக்கி, கீழே சரளைக்கல், அதன்மேல் பருமணல், அதன்மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் நுண்மணல் என்று அடுக்கிய இரண்டாவது தோம்பில் விடுங்கள். நீர் இறங்கும் வேகம் குறைந்தால் மேல் மணலை மட்டும் வழித்துக் கழுவிப் போட்டால் போதும்.

ஓர் இரவு ஆகியும் நீர் மஞ்சளாகவே நின்றால் இரண்டில் ஒன்று. நீரில் அமிலத்தன்மை கூடுதலாக இருந்தால் இரும்பு மாறுவதற்கே நெடுநேரமாகும். சிட்டிகை சுண்ணாம்பு அதைச் சரிசெய்யும். அல்லது துகள்கள் அடியில் படிய முடியாத அளவு நுண்ணியவையாக, மரத்துப் பாலின் உருண்டைகளைப் போலவே ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கும். அப்போது படிகாரம் வேண்டும்: 100 லிட்டருக்கு 3 கிராம் அளவில் தொடங்கி, ஒரு செம்பு நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் துகள்கள் சேர்ந்து பூப்போலத் திரளும். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் திரண்டது உடைந்துவிடும். கரைந்திருக்கும் இரும்பைப் படிகாரம் பிடிக்காது. காற்றுப் பட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

தெளிந்த நீரில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் நீரில் எவ்வளவு இருக்கிறது, வேறு உலோகம் ஏதும் உண்டா என்பதை ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மாதிரி எடுக்கும்போது குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, போத்தலை விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிக் கொடுங்கள்.